வாசகர் கேள்வி: ஒருபாலுறவைப் பற்றிய வேத வசனங்கள் எந்தக் காலத்தில், எதை எதிர்த்து எழுதப்பட்டன?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் வாலிபர் வேதபாடத்தை நடத்திவருகிறேன். அடுத்த மாதப் பாடம் ஒருபாலுறவைப் பற்றியது என்று சபைக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. “சோதோம் எதற்காக எரிந்தது என்று சொன்னாலே போதும், மூவாயிரம் ஆண்டுகளாக வேதம் ஒரே குரலில்தான் பேசுகிறது” என்கிறார் எங்கள் சேகரகுருவானவர். பிள்ளைகளோ, 1946-க்கு முன்னால் வேதத்தில் இந்த விஷயமே கிடையாது, பிற்பாடு நுழைத்துவிட்டார்கள் என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வரலாற்றின்படி எது சரி? இன்னொன்றும் உண்டு. என் இளைய மகனும் அந்தக் கூடுகையில் உட்கார்ந்திருப்பான். அவன் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. எனக்குத் தோன்றுவதை நானும் கேட்டதில்லை.

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு,

குருவானவர் சொல்வதும் வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இரண்டுமே வரலாற்றின் முன்னால் நிற்காது. ஒருபாலுறவை நேரடியாகத் தொடும் வசனங்கள் வேதத்தில் மிகச் சிலவே: லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10. இவற்றோடு ஆதியாகமம் 19, நியாயாதிபதிகள் 19 ஆகிய இரண்டு கதைகளையும் வழக்கமாகச் சேர்ப்பார்கள். இவற்றுள் ஒன்றுகூட அதை ஏற்றுப் பேசவில்லை என்பதை நீங்கள் தயங்காமல் சொல்லிவிடலாம். அப்படி ஒரு சம்மதத்தை எங்கிருந்தாவது வரவழைக்க முயலும் எழுத்துகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன்; எதுவும் என்னை நம்பவைக்கவில்லை. ஆனால் கண்டிக்கப்படுவது எது, எந்தச் சமூகத்தில், எந்தப் பழக்கத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு என்று கேட்டால் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு பதிலைத் தருகிறது.

சோதோமை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் நம் பிரசங்கங்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். ஆதியாகமம் 18, 19 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் இடையில் நிறுத்தாமல் வாசித்துப் பாருங்கள். பகலின் உஷ்ணவேளையில் மம்ரேயில் கூடாரவாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம், முன்பின் தெரியாத மூன்று பேரைக் கண்டதும் எதிர்கொண்டு ஓடி, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, இளங்கன்றைச் சமைப்பித்து, அவர்கள் சாப்பிடும்வரை அருகிலேயே நிற்கிறார். சாயங்காலத்தில் சோதோமின் வாசலுக்கு வந்த இருவரை லோத்து வருந்தி அழைத்துத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறான். அன்றிரவே வாலிபர் முதல் கிழவர்வரை ஊர் முழுவதும் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, ‘நாங்கள் அவர்களை அறியும்படிக்கு’ வெளியே கொண்டுவா என்று கேட்கிறது. ஓர் ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் ஆண்கள்மேல் நாட்டமுள்ளவர்கள் என்று இதை வாசிப்பது கதைக்கே பொருந்தாது. அங்கே நடக்கவிருந்தது அந்நியரைக் கூட்டமாகச் சேர்ந்து வன்புணர்ந்து அவமானப்படுத்துவது. நியாயாதிபதிகள் 19-இல் பென்யமீனரின் கிபியாவில் இதே கதை மறுபடி நடக்கிறது: அதே இரவு நேரம், அதே முற்றுகை, விருந்தாளியாக வந்த லேவியனைக் குறித்து ஏறக்குறைய அதே கோரிக்கை. கடைசியில் அவனுடைய மறுமனையாட்டி வெளியே தள்ளப்பட்டு விடியும்வரை சீரழிக்கப்பட்டுச் சாகிறாள். கூட்டம் கேட்டது ஆணை, நாசமாக்கியது பெண்ணை. அவர்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. இந்தக் கிபியாக் கதையை நம் சபைகளில் யாரும் பிரசங்கிப்பதில்லை என்பது தனி வருத்தம்.

ஆணை ஆண் புணர்வது அந்தப் பழைய உலகத்தில் எதைக் குறித்தது என்பதற்கு வேதத்துக்கு வெளியேயும் சான்று உண்டு. கிமு 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் ஹோரஸ், சேத் என்ற இரண்டு தெய்வங்கள் அரசுரிமைக்காகப் போட்டியிடுகிறார்கள். சேத் தன் போட்டியாளனைப் புணர முயல்வது ஆசையால் மட்டுமல்ல. ‘இவனுக்கு ஆணின் வேலையைச் செய்துவிட்டேன்’ என்று தெய்வங்களின் சபையில் சொல்லி அவனை அரியணைக்குத் தகுதியற்றவனாகக் காட்டுவதற்காகவே. கிமு 11-ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளில் கிடைத்துள்ள மத்திய அசீரியச் சட்டங்களில் இன்னும் விசித்திரமான விதி இருக்கிறது: ஒருவன் தன் சகாவோடு படுத்தான் என்று நிரூபணமானால், அவனோடும் அவ்வாறே படுத்து, பிறகு அவனை விதையடித்து அண்ணகனாக்கிவிட வேண்டும். தண்டனையாகவே அந்தச் செயல் விதிக்கப்படுகிறது என்றால், அங்கே குற்றமாகக் கருதப்பட்டது செயலல்ல, சமமான ஒருவனின் மானத்தைக் குலைத்ததுதான் என்பது தெளிவு. வென்றவன் தோற்றவன்மேல் காட்டும் ஆதிக்கம் என்ற இந்தப் பின்னணியில்தான் சோதோமின் கதவுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வேதத்துக்குள்ளேயே சோதோமின் பாவத்தைப் பெயர் சொல்லி விளக்குகிறவர் எசேக்கியேல். ‘கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமுமாகிய இவைகளே உன் சகோதரியான சோதோமின் அக்கிரமம்’ என்றும், சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை என்றும் 16:49 சொல்கிறது. அடுத்த வசனத்தில் ‘அருவருப்பானது’ என்று ஒரு சொல் வருவதையும், யூதாவின் நிருபம் ‘அந்நிய மாம்சத்தைத் தொடர்ந்து’ என்று பேசுவதையும் குருவானவர் எடுத்துக்காட்டுவார். அது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் யூதா அந்த நகரத்தாரை, தங்கள் நிலையைவிட்டு நீங்கிய தேவதூதர்களோடு ஒப்பிடுவதால், மனிதர் தூதர்களை இச்சித்ததையே அவர் குறிக்கிறார் என்பது பல ஆராய்ச்சியாளர்களின் முடிவு. இயேசுவும் சோதோமை நினைவுகூர்வது, தம் சீஷர்களைக் கதவடைத்து அனுப்பும் ஊர்களைப் பற்றிப் பேசும்போதுதான் (மத்தேயு 10:14-15).

யூத ரபீமார்களின் நினைவிலும் சோதோம் கஞ்சத்தனத்துக்கும் அந்நியர் வெறுப்புக்கும் பெயர்போன ஊராகவே இருந்தது. அவர்களின் மரபு நூலான பாபிலோனியத் தல்மூத்தில், ஓர் ஏழைக்குக் குடத்தில் ஒளித்து அப்பம் கொண்டுபோன சிறுமியைச் சோதோம்காரர்கள் பிடித்து, உடம்பெல்லாம் தேன் பூசி மதில்மேல் நிறுத்தித் தேனீக்களுக்கு இரையாக்கினார்கள் என்று ஒரு கதை வருகிறது. அவள் கூக்குரல்தான் கடவுளின் காதுக்கு எட்டியதாம். அப்படியானால் இன்று நமக்குப் பழக்கமான விளக்கம் எங்கிருந்து வந்தது? பவுலுக்குச் சற்று மூத்தவரும் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதத் தத்துவ ஞானியுமான ஃபைலோ, கிரேக்க நகரங்களின் வழக்கங்களைக் கண்டு வெறுத்து, சோதோமை ஆண்-ஆண் உறவின் ஊராக விரிவாக வருணித்தார். பிற்காலச் சபைப்பிதாக்கள் அவ்வழியே சென்றார்கள். 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியான், பஞ்சமும் பூகம்பமும் கொள்ளைநோயும் இந்தப் பாவத்தால் வருகின்றன என்று சட்டமாகவே எழுதினார். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி பீட்டர் தமியான் இந்தப் பாவத்துக்கு ஊரின் பெயரையே சூட்டினார். ஆக, குருவானவர் சொல்வது பழமையான விளக்கம்தான், ஆனால் அது மூலக் கதையைவிடப் பல நூற்றாண்டுகள் இளையது.

லேவியராகமம் வேறு விதம். அது கதையல்ல, தெளிவான தடை: ‘பெண்ணோடு சம்யோகம்பண்ணுகிறதுபோல ஆணோடே சம்யோகம்பண்ணவேண்டாம், அது அருவருப்பானது.’ 17 முதல் 26 வரையிலான அதிகாரங்களைப் பரிசுத்தச் சட்டத் தொகுப்பு என்று அறிஞர்கள் அழைக்கிறார்கள். எகிப்தியரைப் போலவும் கானானியரைப் போலவும் நடவாதிருங்கள் என்றுதான் 18-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. உறவுமுறைக்குள் புணர்ச்சி, தூரஸ்திரீயோடு சேருதல், பிறன்மனை, மோளேகு என்ற தெய்வத்துக்குப் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணுதல், மிருகப்புணர்ச்சி என்று பட்டியல் நீள்கிறது. இவை குடும்பத் தலைவனான ஆணை நோக்கிச் சொல்லப்பட்டவை. பெண்ணும் பெண்ணும் சேர்வதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. பரம்பரையும் காணியாட்சியும் சந்ததியைச் சார்ந்திருந்த ஒரு சிறிய ஜனக்கூட்டம், தன்னைச் சுற்றியுள்ளவர்களிடமிருந்து பிரித்துக் காட்டிக்கொள்ள வகுத்த எல்லைக்கோடுகள் அவை. கோவிலில் உடலை விற்ற ஆண் தாசர்களைத்தான் இந்த வசனம் குறிக்கிறது என்று ஒரு விளக்கம் முன்பு பரவலாக இருந்தது. கானானில் அப்படி ஒரு நிறுவனம் இருந்ததற்கான சான்றே இப்போது ஆட்டம்கண்டுவிட்டதால், அதை உங்கள் பாடத்தில் சேர்க்க வேண்டாம். சமமான ஒருவனை அவமதித்தவனை மட்டும் தண்டிக்கும் அசீரியச் சட்டத்தைப் போலன்றி, லேவியராகமம் 20:13 இருவருக்கும் மரணதண்டனை விதிக்கிறது. இந்த வேறுபாட்டை நேர்மையாகச் சொல்லுங்கள். அதே அதிகாரத்தில் தகப்பனையோ தாயையோ சபிக்கிறவனுக்கும், விபசாரம் செய்த இருவருக்கும் அதே தண்டனைதான் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

இனி 1946 விவகாரம். அந்த ஆண்டில் அமெரிக்காவில் வெளியான திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில், 1 கொரிந்தியர் 6:9-இன் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, ஒருபாலீர்ப்புள்ளோர் எல்லாரையும் குறிக்கும் நவீனச் சொல் ஒன்றைப் போட்டார்கள் என்பதும், 1971 பதிப்பில் அதை மாற்றிவிட்டார்கள் என்பதும் உண்மை. அந்த நவீனச் சொல்லே 1869-இல் கெர்த்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர் ஜெர்மன் மொழியில் உருவாக்கியது. ஆனால் அதற்கு முன்னால் வேதத்தில் எதுவுமே இல்லை என்பது தவறு என்பதற்கு நம் வீட்டு வேதப்புத்தகமே சாட்சி. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்பின் வழிவந்த நம் பழைய திருப்புதலில் ‘சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்’ என்று இருக்கிறது. இதில் முன்னதற்கு மூலத்தில் உள்ள சொல் ‘மென்மையானவர்’ என்று மட்டுமே பொருள்படும். சுகபோகி, பெண்தன்மையுள்ளவன், பிறருக்கு உடலைக் கொடுப்பவன் என்று பலவிதமாக அது அன்று பயன்பட்டது. பின்னது லேவியராகமம் 20:13-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் அடுத்தடுத்து வரும் இரண்டு சொற்களை இணைத்து ஆக்கியதுபோல் இருப்பதால், பவுல் அந்தத் தடையை மனதில் கொண்டே எழுதினார் என்பது எனக்கு ஐயமில்லாத முடிவு.

ஆனால் அந்த நிருபம் கொரிந்துவில் வாசிக்கப்பட்டபோது கேட்டவர்களின் கண்முன் என்ன வந்திருக்கும் என்பது தனிக் கேள்வி. அக்கால ரோமச் சட்டமும் வழக்கமும் ஆண்-ஆண் என்று பார்த்ததைவிட, எஜமான்-அடிமை, குடிமகன்-குடிமகனல்லாதவன் என்றே பார்த்தன. சுதந்திரக் குடிமகன் ஒருவன் தன் அடிமைச் சிறுவனைப் பயன்படுத்தினால் அது குற்றமல்ல. அவனே மற்றவனுக்கு இணங்கினால்தான் வெட்கக்கேடு. பவுலின் சமகாலத்தவரான ரோமத் தத்துவ ஞானி செனெக்கா தம் கடிதம் ஒன்றில், விருந்தில் திராட்சரசம் பரிமாறும் அடிமையைக் காட்டுகிறார்: வளர்ந்துவிட்டவனுக்குப் பெண்போல உடை உடுத்தி, முளைக்கும் தாடியை மழித்தும் பிடுங்கியும் சிறுவனாகவே நிறுத்திவைத்திருக்கிறார்கள், எஜமானின் குடிவெறிக்கும் இச்சைக்கும் இடையே அவன் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும். இந்தச் செனெக்காவின் உடன்பிறந்த அண்ணன்தான், கொரிந்துவில் பவுலை நியாயாசனத்துக்கு முன் கொண்டுவந்தபோது விசாரிக்க மறுத்து அனுப்பிவிட்ட கல்லியோன் (அப்போஸ்தலர் 18). கொரிந்து சபையில் அடிமைகளும் இருந்தார்கள் என்பது 1 கொரிந்தியர் 7-இலிருந்து தெரிகிறது. அந்த அடிமைகளுள் சிலருக்கு 6:9 எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் நான் அந்த வசனத்தைக் கடப்பதில்லை.

எல்லாவற்றிலும் கனமானது ரோமர் 1. ஏறக்குறைய கிபி 57-இல் கொரிந்துவிலிருந்து எழுதப்பட்ட இந்த நிருபத்தில், சிருஷ்டிகரை விட்டுச் சிருஷ்டியை வணங்கிய ஜனங்களைத் தேவன் இழிவான இச்சைரோகங்களுக்கு ஒப்புக்கொடுத்தார் என்கிறார் பவுல். பெண்களையும் சேர்த்துச் சொல்லும் ஒரே இடம் இது. அடிமைச் சிறுவர்களைச் சுரண்டியதைத்தான் பவுல் கண்டித்தார் என்று இந்தப் பகுதியைச் சுருக்க முடியாது, ஏனெனில் ‘ஒருவர்மேலொருவர்’ என்று இரு பக்கத்து விருப்பத்தையும் அவர் குறிப்பிடுகிறார். வாதம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பல்ல. விக்கிரக வழிபாட்டிலிருந்தே பாலியல் ஒழுக்கக்கேடு பிறக்கிறது என்று, கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானம் 13, 14 அதிகாரங்கள் ஏறக்குறைய இதே வரிசையில் பேசுகின்றன. புறஜாதியாரைப் பற்றி யூதர்கள் வழக்கமாகச் சொல்லிவந்த அந்தக் குற்றப்பட்டியலை அடுக்கி, கேட்பவர் தலையசைத்துக்கொண்டிருக்கும்போதே ‘மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை’ என்று 2:1-இல் பவுல் திரும்புகிறார். அதனால் முதல் அதிகாரத்தின் கண்டனம் ரத்தாகிவிடுவதில்லை. ஆனால் 1:32-உடன் வேதத்தை மூடிவிடுகிறவர், பவுல் யாரைப் பிடிக்க இந்த வாதத்தைக் கட்டினாரோ அவரிடமே போய் நிற்கிறார்.

ரோமர் 1-இல் பவுல் சொல்லும் ‘சுபாவத்துக்கு விரோதம்’ என்பதும் அன்றைய ஸ்தோயிக்கர் என்ற தத்துவப் பள்ளியார் முதலானோர் சாதாரணமாகப் பயன்படுத்திய தொடர். பவுலின் காலத்திலேயே ரோமில் போதித்த முசோனியுஸ் ரூஃபுஸ், கிறிஸ்தவரல்லாதவர், பிள்ளைப்பேற்றுக்காகத் திருமண உறவுக்குள் நிகழாத எந்தச் சேர்க்கையும் முறையற்றது என்று கற்பித்தார். இச்சை அளவுக்கு மீறிப் பொங்கும்போது, பெண்கள்மேல் சலித்தவன் ஆண்களிடம் போகிறான் என்பதே அக்காலத்தில் பலரின் விளக்கம். பெருந்தீனிக்காரன் புதுப்புதுப் பண்டம் தேடுவதுபோல. பவுல் இதே தொடரை வேறிடங்களில் எப்படிக் கையாள்கிறார் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: ஆண் முடியை நீளமாய் வளர்ப்பது கனவீனம் என்று சுபாவமே போதிக்கிறது என்கிறார் (1 கொரிந்தியர் 11:14); காட்டொலிவமாகிய புறஜாதியாரைத் தேவன் ‘சுபாவத்திற்கு விரோதமாய்’ நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைத்தார் என்கிறார் (ரோமர் 11:24).

பண்டைய உலகத்துக்கு நிலையான ஒருபால் இணைகளே தெரியாது, ஆகவே பவுல் அவர்களைப் பற்றிப் பேசவே இல்லை என்ற வாதத்தையும் உங்கள் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அது மிகையானது. பிளேட்டோ காட்டும் விருந்தில் பௌசானியாஸும் அகதோனும் நெடுநாள் இணையாகவே வருகிறார்கள். பவுலுக்கு அடுத்த தலைமுறை ரோமக் கவிஞர்கள் மார்ஷியலும் ஜூவெனலும் ஆண்களுக்குள் நடந்த திருமணச் சடங்குகளை எள்ளி எழுதியிருக்கிறார்கள். சிலர் பிறப்பிலேயே அப்படி அமைகிறார்கள் என்று 2-ஆம் நூற்றாண்டில் வானியல் அறிஞர் டாலமி கிரகநிலையைக் கொண்டு விளக்கினார். இருந்தும் இவை அன்றைய பொதுக் காட்சியல்ல. யோனத்தான் தாவீதை நேசித்தான் என்ற கதையை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை. அசீரிய மன்னன் எசரத்தோன் கிமு 672-இல் செய்த உடன்படிக்கையில் சிற்றரசர்கள் தன் வாரிசை ‘நேசிக்க’ வேண்டும் என்று கட்டளையிட்டதைப் பார்த்தால், அந்தச் சொல் அங்கே அரசியல் விசுவாசத்தையும் சுமந்தது தெரியும்.

ஆகவே என் கருத்து இது: சோதோமை இந்தப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், லேவியராகமத்தின் ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி அதன் அக்கம்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், உண்மையான விவாதம் ரோமர் 1-ஐச் சுற்றியது. அங்கே பவுல் கண்டித்ததை, ஒருவருக்கொருவர் வாழ்நாள் உண்மையை வாக்களிக்கும் இன்றைய இருவருக்கும் விரிக்கலாமா என்ற கேள்வியை வரலாறு தீர்க்காது. வேதத்தை ஆழமாக நேசிக்கும் அறிஞர்களே அதில் இரு பக்கமும் இருக்கிறார்கள். சபைகள் ஜெபத்தோடும் வாதத்தோடும் முடிவெடுக்க வேண்டிய இறையியல் கேள்வி அது. ‘வரலாறு சொல்லிவிட்டது’ என்று எந்தப் பக்கத்தாரும் அதை முடித்துவைக்க இடம்கொடுக்காதீர்கள். அண்ணகரைச் சபைக்கு வெளியே நிறுத்திய உபாகமம் 23:1-க்குப் பின், அவர்களுக்கு ஆலயத்துக்குள் ‘நித்திய நாமத்தை’ அருளும் ஏசாயா 56-உம், எத்தியோப்பிய மந்திரி ஞானஸ்நானம் பெறும் அப்போஸ்தலர் 8-உம் வருவதை நினைவூட்டலாம். அண்ணகரும் ஒருபாலீர்ப்புள்ளோரும் ஒன்று என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேதத்துக்குள்ளேயே ஒரு தடை மறுபடி வாசிக்கப்பட்டதற்கு அது சான்று, அவ்வளவே.

உங்கள் மகனைப் பற்றிக் கடைசி மூன்று வரிகளில் எழுதினாலும், எனக்கு அதுவே முதல் கேள்வியாகப் பட்டது. நீங்கள் யூகிப்பதை அவனிடம் கேட்டு வற்புறுத்த வேண்டாம். உங்கள் யூகம் தவறாகவும் இருக்கலாம். அவன் சொல்லும் நாள் வந்தால், எந்தச் சபையாரும் மருத்துவரும் ‘மாற்றிவிடுகிறோம்’ என்று சொல்வதை நம்பி அவனை விடுவிப்பு ஜெபத்துக்கோ சிகிச்சைக்கோ அனுப்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே ஒருபாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. வீட்டாருக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய ‘மாற்று’ முயற்சிகளுக்குத் தடை விதித்தார்; தமக்கே இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே அவர் அந்த உத்தரவை எழுதினார். அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இசைவுள்ள வயதுவந்தோருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்துவிட்டது. 1860-இல் ஆங்கிலேயர் எழுதிய அந்தப் பிரிவின் ‘இயற்கை நியதிக்கு மாறான’ என்ற தொடர், நாம் மேலே பார்த்த அதே ரோமர் 1-இன் வாசனையைத் தாங்கியது என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்வதும் நல்லது. இறையியலில் நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் வீட்டில் அவனுக்கு இருக்கும் இடம் அந்த முடிவைப் பொறுத்ததல்ல என்பதை அவன் உங்கள் நடத்தையிலிருந்து அறிய வேண்டும். பாடத்தன்று நீங்கள் உபயோகிக்கும் சொற்களை அவன்தான் மற்ற எல்லாரையும்விடக் கூர்ந்து கவனிப்பான்.

கூடுகையை ஒரே மாலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு வாரம் கேளுங்கள், கமிட்டி மறுக்காது. முதல் வாரத்தில் நியாயாதிபதிகள் 19, ஆதியாகமம் 18-19, எசேக்கியேல் 16 என்ற வரிசையில் வாசிக்கச் சொல்லுங்கள். கிபியாவைப் படித்த பிறகு சோதோமை யாரும் பழையபடி வாசிக்க முடியாது. இரண்டாம் வாரத்தை முழுவதும் ரோமர் 1:18 முதல் 2:16 வரைக்குக் கொடுங்கள், குருவானவரையும் அழைத்து அவருடைய விளக்கத்தைச் சொல்லச் செய்யுங்கள். கேள்விகளைக் கை தூக்கிக் கேட்க விடாமல், பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். யார் எழுதியது என்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் பழைய தலைமையாசிரியர் பழக்கத்தை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.